கத்தி தெரிகிறது, அது எங்கே கிடந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தடய அறிவியல் படிப்புகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. டி.என்.ஏ., கைரேகை, நச்சுப்பொருள் ஆய்வு என எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கிடைக்கிறது. சம்பவ இடத்தைப் படம் பிடிப்பதற்கு மட்டும் ‘புகைப்படங்களும் எடுக்கப்படும்’ என்று ஒரே வரி. அதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் என்ற முறையில் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துக் காட்டலாம் என்று இக்கடிதம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளியை விடும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு), ஃபோகஸ் நான்கையும் கையால் மாற்ற முடிய வேண்டும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளிப் பிடிக்க முடிய வேண்டும். டிரைபாட் மாட்ட வேண்டும். இவை இருந்தால் எந்தக் கேமராவும் சரிதான். பணம் மிச்சமிருந்தால், நடுத்தண்டைப் படுக்கவைத்துக் கேமராவை நேர்கீழே பார்க்கவைக்க முடிகிற நல்ல டிரைபாடாக வாங்குங்கள். பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்ட்டியோன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆள் உயரத்துக்கும் மேலான முக்காலியில் கேமராவை ஏற்றி உடலை நேர்மேலிருந்து படமெடுத்தார். இன்றும் அந்த நேர்கோணத்துக்காகத்தான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

படத்தைப் பார்க்கப்போகிறவர் அந்த இடத்துக்கு வந்தவரே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை விளங்கிவிடும். பொருள் எங்கே கிடந்தது, எவ்வளவு பெரியது, யாராவது தொடுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற மூன்றுக்கும் படமே பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் மூன்று அடுக்காக எடுக்கிறோம்: முழுக்காட்சி, இடைக்காட்சி, குளோசப்.

முழுக்காட்சி எளிது. வெளியே கதவு எண், தெருப்பலகை, வந்து போகும் வழிகள். உள்ளே நான்கு மூலைகளிலிருந்தும், கண் உயரத்தில், ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும்படி. கூட்டம் கூடியிருந்தால் கூட்டத்தையும் எடுத்துவையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எரிந்தபடியே, கதவு ஒருக்களித்திருந்தால் ஒருக்களித்தபடியே. ‘இருட்டாக இருக்கிறதே’ என்று சுவிட்சைப் போட்டுவிட்டால், விளக்கு அணைந்திருந்தது என்ற தகவல் அங்கேயே அழிந்துவிடுகிறது. சுவிட்சின் மேல் இருந்திருக்கக்கூடிய ரேகையும் போயிற்று.

தவறிப்போவது இடைக்காட்சிதான். ஒரு பயிற்சிக் கோப்பைத் திறந்தால் அறையின் அகலப் படங்கள் இருபது, கத்தியின் குளோசப் பத்து என்று இருக்கும். கத்தி கட்டிலுக்குப் பக்கத்திலா, கதவுக்குப் பக்கத்திலா என்பதைக் காட்டும் படம் ஒன்றுகூட இருக்காது. குளோசப்பில் தெரிவது தரை ஓட்டின் ஒரு துண்டு. வீட்டில் எல்லா அறைக்கும் அதே ஓடு. அந்தக் குளோசப்பை எந்த அறைக்கு வேண்டுமானாலும் சொந்தமாக்கலாம்.

இடைக்காட்சியில் தடயமும், இடம் பெயராத ஏதேனும் ஒரு பொருளும் சேர்ந்து விழ வேண்டும். கட்டில் கால், வாசற்படி, மின்கம்பம் எதுவானாலும் சரி. கேமரா நிற்கும் இடத்தில்தான் சூட்சுமம். கத்தியும் கட்டில் காலும் ஒரே கோட்டில் வரும்படி கத்திக்குப் பின்னால் நின்று எடுத்தால், நடுவில் இருக்கும் இரண்டு மீட்டர் தூரம் சுருங்கி அரை மீட்டர் போலத் தெரியும். கத்தி, கட்டில் கால் இரண்டையும் இணைக்கும் கோட்டை அடித்தளமாக வைத்து ஒரு முக்கோணத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் உச்சியில், இரண்டுக்கும் சம தூரத்தில் நில்லுங்கள். அப்போது நடுத்தூரம் பக்கவாட்டில் விரிந்து உள்ளபடி தெரியும்.

லென்ஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். முழுச்சட்டக சென்சார் என்றால் 50 மி.மீ., அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி. சென்சார் என்றால் 35 மி.மீ. அளவில் வையுங்கள். சின்ன அறைக்குள் நிற்க இடமில்லாமல் 24 மி.மீ.க்குப் போக நேரலாம். முழுக்காட்சிக்கு அது பரவாயில்லை. தூரம் முக்கியமாகும் படத்துக்கு ஆகாது. தூரத்தைத் திரிப்பது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அகலக் கோண லென்ஸ் நம்மைப் பொருளுக்கு மிக நெருக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நெருக்கம்தான் முன்னால் இருப்பதைப் பெருக்கிப் பின்னால் இருப்பதைத் தள்ளிவிடுகிறது.

வரிசையும் மாறக்கூடாது. முதலில், தடயங்களுக்குப் பக்கத்தில் வைக்கும் எண் பலகைகள் எதுவும் இல்லாமல் இடம் இருந்தபடியே ஒரு சுற்று. பிறகு எண் பலகைகளை வைத்து ஒரு சுற்று. பிறகு குளோசப்; அதிலும் ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேலோடு ஒன்று. ஸ்கேல் இல்லாத படம் எதற்கு என்றால், ஸ்கேலுக்கு அடியில் ஏதாவது மறைந்திருந்ததா என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது. பொருளை எடுத்த பிறகு, அது கிடந்த இடத்தை இன்னொரு படம். முதலுதவிக்கு வந்தவர்கள் நாற்காலியை நகர்த்தியிருந்தால் அது நகர்ந்த இடத்திலேயே இருக்கட்டும். பழைய இடத்தில் ‘திரும்ப’ வைத்து எடுத்தால் அது நாம் போட்ட நாடகக் காட்சி. நகர்ந்தது என்று குறிப்பில் எழுதினால் போதும்.

இனி ஒரு காலணித் தடத்தைப் பார்ப்போம். இந்த வேலையின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த ஒரு சாண் சொச்ச மண்ணில் அடங்கியிருக்கின்றன.

ஈரமண்ணில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பதிந்த தடம் என்று வையுங்கள். ஸ்கேலைப் பக்கத்துத் தரைமேல் வைப்பதுதான் எல்லோர் கையும் தானாகச் செய்வது. தடத்தின் அடிப்பரப்பு கேமராவிலிருந்து ஒரு மீட்டர் கீழே என்றால், தரைமேல் கிடக்கும் ஸ்கேல் 97 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஸ்கேல் கிட்டத்தில் இருப்பதால் சுமார் 3 சதவீதம் பெரிதாக விழும். அந்த ஸ்கேலை நம்பி அளந்தால் 30 செ.மீ. தடம் 29.1 செ.மீ. என்று வரும். ஒன்பது மில்லிமீட்டர் போச்சு. ஆங்கிலக் காலணி அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். எட்டாம் எண் காலணி ஏழாம் எண்ணாகிவிட்டது! அதனால் தடத்துக்குப் பக்கத்தில், அதன் ஓரம் இடியாத தள்ளலில், தடத்தின் அடி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி ஸ்கேலை அதில் இறக்குங்கள். தோண்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்கேலில் ஏ.பி.எஃப்.ஓ. எண் 2 எனப்படும் எல் வடிவ ஸ்கேல் வசதியானது. இரண்டு திசையிலும் மில்லிமீட்டர்க் கோடுகள், கூடவே வட்டங்கள். கேமரா சாய்ந்திருந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். எவ்வளவு சாய்வு என்பதையும் அதிலிருந்து கணக்கிடலாம். தடம் பெரிதென்றால் அதைவிட நீளமான எல் ஸ்கேல் வேண்டும். அச்சடித்த காகித ஸ்கேல் ஈரத்தில் ஊறும், வளையும், வேண்டாம்.

கேமரா நேர்மேலே, சென்சார் தடத்துக்கு இணையாக. கண்மதிப்பு போதாது, பின்திரையின்மேல் சிறிய ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ஆனால் தரையே சரிவாக இருந்தால் ரசமட்டம் ஏமாற்றும். அங்கே தரையின் சரிவை முதலில் அளந்து அதே சரிவுக்குக் கேமராவைச் சாய்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப்/8 முதல் எஃப்/11 வரை (எண் ஏற ஏறத் திறப்பு சிறுக்கும்), ஃபோகஸ் கையால், தடத்தின் அடிப்பரப்பின் மேல், மண்ணின் மேல்விளிம்பில் அல்ல. டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டரை ரிமோட்டிலோ இரண்டு வினாடி டைமரிலோ இயக்குங்கள். எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று எஃப்/22க்குப் போகிறவர்கள் உண்டு. ஓட்டை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறிப் படம் முழுவதும் மங்கலாகும்.

பிறகு வெளிச்சம். கேமராமேல் இருக்கும் ஃபிளாஷை அப்படியே அடித்தால் தடம் தட்டையாகிவிடும். மேடும் பள்ளமும் நிழலால்தான் தெரிகின்றன. நேர்வெளிச்சம் நிழலை அழிக்கிறது. ஃபிளாஷைக் கழற்றி ஒன்றரை மீட்டர் போலத் தள்ளிப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். கிட்டப் பிடித்தால் குதிகால் பக்கம் வெளுத்து விரல் பக்கம் கறுத்துவிடும். தூசியில் விழுந்த மெல்லிய தடத்துக்கு வெளிச்சம் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக வர வேண்டும். ஆழமான தடத்துக்கு அதே தாழ்வில் அடித்தால் ஓரத்து மண்சுவரின் நிழல் அடிப்பகுதியை மூடிவிடும்; 30 முதல் 45 பாகை வரை உயர்த்த வேண்டும். வெயில் இருந்தால் ஒரு குடையையோ அட்டையையோ பிடித்துத் தடத்தை முழுவதும் நிழலுக்குள் கொண்டுவந்த பிறகு ஃபிளாஷ் அடியுங்கள். இரண்டு நிழல் சேர்ந்தால் ஒன்றும் விளங்காது. கேமராவை ஒரு மயிரிழையும் அசைக்காமல் ஃபிளாஷை மட்டும் சுற்றிக் கொண்டுபோய் நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். கிழக்கிலிருந்து அடித்தபோது காணாமற்போன ஒரு வெட்டு, காலணியின் அடிப்பாகத்தில் கண்ணாடி கிழித்த சின்னக் கீறல், தெற்கிலிருந்து அடிக்கும்போது பளிச்சென்று எழும். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் விற்ற காலணிகளில் இந்த ஒன்றைத் தனியாக அடையாளம் காட்டுவது அந்தக் கீறல்தான்.

தடத்துக்குள் கிடக்கும் சருகை என்ன செய்வது? முதலில் அதோடு ஒரு படம். பின்னால் உதிர்ந்து மேலே சும்மா கிடப்பது என்றால் இடுக்கியால் மெல்ல எடுக்கலாம். காலணி மிதித்து மண்ணோடு அழுந்தியது என்றால் தொடக்கூடாது. அதைப் பிடுங்கினால் கூடவே தடமும் பெயர்ந்து வரும்.

கைரேகைக்கும் இதே ஒழுங்குதான். ஆனால் அங்கே புள்ளிக்கணக்கு குறுக்கே வருகிறது. ரேகை ஒப்பிடுவதற்கு உண்மை அளவில் அங்குலத்துக்கு 1000 புள்ளிகள் வேண்டும் என்பது நிலைபெற்ற அளவு. 6000க்கு 4000 புள்ளி தரும் 24 மெகாபிக்சல் கேமராவில், சட்டகத்துக்குள் விழும் பரப்பு 6 அங்குலத்துக்கு 4 அங்குலத்தைத் தாண்டினால் அந்த அளவு கிடைக்காது. ஒரு கதவு முழுவதையும் எடுத்துவிட்டு அப்புறம் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. பெரிதாக்கினால் புள்ளிதான் பெருக்கும், வரி பிரியாது. மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு நெருங்க வேண்டும்.

வெளிச்ச அளவைப் பற்றி ஒன்று. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துச் சுவரைச் சாம்பலாக்கும். சுவரில் தெறித்த ரத்தத்துளி கறுப்புப் புள்ளியாகிவிடும். கறுப்புக் காரைக் காட்டினால் நேர்மாறு. வெள்ளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இருமடங்கு, குறைத்தால் பாதி) கூட்டுங்கள், கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். சந்தேகமாக இருந்தால் சரியான அளவில் ஒன்று, ஒரு ஸ்டாப் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்றாக எடுங்கள். பின்திரையின் பிரகாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இருட்டில் எந்தத் திரையும் பளபளக்கும். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

சுவரில் ரத்தத்தெறிப்பு என்றால் தனித்தனித் துளிகளுக்கு முன் சுவர் முழுவதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தரையிலிருந்து மேலாகவும் பக்கவாட்டிலும் அளவு நாடாக்களை ஒட்டி, சுவருக்கு நேர்எதிரே நின்று முழுப்படம். பிறகு பகுதி பகுதியாக. துளியின் குளோசப்பில் மேல் எது கீழ் எது என்று அம்புக்குறி இருக்க வேண்டும். அது இல்லாத படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் துளி பாய்ந்த திசையே மாறிவிடும்.

இரவில் நீளமான தெருவையோ மைதானத்தையோ எடுக்க ஒரு ஃபிளாஷ் போதாது. ஒரு மீட்டரில் விழும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நான்கு மீட்டரில் விழும். கிட்ட இருப்பது வெந்துபோகும், எட்ட இருப்பது இருளில் மூழ்கும். கேமராவை டிரைபாடில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 200, எஃப்/8, ஷட்டர் பல்பில் (நாம் மூடும்வரை திறந்தே இருக்கும் நிலையில்) திறந்தபடி இருக்கட்டும். ஒருவர் ஃபிளாஷோடு நடந்துபோய் இடம் இடமாக அடிப்பார். அவர் ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் குறுக்கே நின்றால் படத்தில் ஆள் நிழல் விழும். கேமரா பக்கம் ஃபிளாஷைத் திருப்பினால் படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டு அடிப்புக்கு நடுவே லென்ஸின் முன் கறுப்பு அட்டையைப் பிடித்தால் தெருவிளக்கு கூடுதலாகச் சேராது.

ரத்தக்கறையில் பட்டால் ஒளிரும் லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்து எடுக்கும் படம் இதைவிடக் கறாரானது. தெளித்ததும் எழும் நீல ஒளி மங்கலானது, சீக்கிரம் மங்கிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே ஃபோகஸ் வைத்து, அதைக் கையால் இயங்கும் நிலைக்கு மாற்றி, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அறை முழு இருட்டு, எஃப்/2.8 போல அகலத் திறப்பு, ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600, முப்பது வினாடி. பலரைக் கவிழ்ப்பது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் நீள் எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு (நீண்ட நேரப் படத்தில் தோன்றும் பொய்ப்புள்ளிகளை நீக்கும் வசதி). அது ஆன் ஆகியிருந்தால் முப்பது வினாடிப் படத்துக்குப் பின் இன்னொரு முப்பது வினாடி கேமரா பூட்டிக்கொள்ளும். திறக்கும்போது ஒளி போயிருக்கும். மறுபடி மறுபடி தெளித்தால் கறை வழிந்து வடிவம் கெடும். ஒளிர்வதெல்லாம் ரத்தமும் அல்ல. ப்ளீச்சிங் திரவமும் செம்பும்கூட ஒளிரவைக்கும். கேமராவை அசைக்காமல், அதே சட்டகத்தில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு படமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருளில் மிதக்கும் ஒரு நீலத்திட்டு எந்தத் தரையைச் சேர்ந்தது என்று மறுபடி அதே கேள்வி வரும்.

கைபேசியில் எடுத்தால் ஆகாதா என்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம். தவிர, பல படங்களைச் சேர்த்து, விளிம்புகளைத் தீட்டி, நிழலைத் தூக்கி அது தானாக ஒரு படத்தைத் தயாரித்துத் தருகிறது. வேறு வழியில்லை என்றால் இருமடங்கு ஜூமுக்குப் போங்கள், பல வெளிச்ச அளவுகளை ஒன்றாகச் சேர்க்கும் எச்.டி.ஆரையும் அழகூட்டும் வசதிகளையும் அணையுங்கள், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வழக்கமாகப் படம் அனுப்பும் முறையில் அது படத்தைச் சுருக்கி, நேரம், கேமரா அமைப்பு போன்ற உள்விவரங்களையும் உதறிவிட்டுத்தான் அனுப்பும்.

எடுத்த பிறகு ஒரே ஒரு கண்டிப்பு: எதையும் அழிக்கக்கூடாது. மங்கிய படமும், தவறி எடுத்த சொந்தச் செருப்புப் படமும் இருக்கட்டும். 0041க்குப் பிறகு 0043 வந்தால் நடுவில் இருந்தது என்ன என்ற கேள்விக்கு மங்கிய படம்தான் பதில். ‘மங்கலாக இருந்தது, அழித்துவிட்டேன்’ என்பது பதிலாகாது. புறப்படுமுன் கேமரா கடிகாரத்தைச் சரிபார்த்து, கார்டைப் புதிதாக ஃபார்மட் செய்து, ரா (சென்சார் பதிந்தது பதிந்தபடி), ஜேபெக் (சுருக்கிய படம்) இரண்டிலும் பதியும்படி வையுங்கள். முதல் படம் வழக்கு எண், தேதி, எடுப்பவர் பெயர் எழுதிய அட்டை. பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையும் இருந்தால் பின்னால் நிறம் சரிபார்க்கலாம். படவரிசைக் குறிப்பில் எண், நேரம், எந்தத் திசை நோக்கி, என்ன தெரிகிறது என்பவற்றை அங்கேயே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் கற்பனை கலந்துவிடும். கார்டிலிருந்து நகலெடுத்த கையோடு கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டுப் பதியுங்கள். மூலத்தைத் திறந்து, குத்தாக இருக்கிறதே என்று சுழற்றிச் சேமித்தாலே அந்த எண் மாறிவிடும். வெளிச்சம் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் நகலில்தான், என்ன செய்தோம் என்ற குறிப்போடு.

பழகுவதற்குக் குற்றம் எதுவும் நடக்கத் தேவையில்லை. ஒரு தட்டில் ஈரமணலைப் பரப்பி, பழைய காலணியால் ஒரு மிதி மிதித்து, மேலே சொன்னபடி படமெடுங்கள். ஸ்கேலை வைத்து உண்மை அளவுக்கு அச்சிட்டு, அதே காலணியின் அடிப்பாகத்தை அச்சின்மேல் வைத்துப் பாருங்கள். நீளம் மட்டும் இடித்து அகலம் பொருந்தினால் கேமரா சாய்ந்திருக்கிறது. நீளம் அகலம் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஸ்கேல் இன்னும் தரைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தடயப் படப்பிடிப்பு கற்பிப்பவர்கள் சிலர்